முகத்தை மூடச் சொன்ன பினாங்கு மருத்துவர்

1910-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், சீனாவின் வடகிழக்கில் உள்ள ஹார்பின் நகர ரயில் நிலையத்தில் 31 வயது மருத்துவர் ஒருவர் வந்து இறங்கினார். அவரிடம் ஒரு நுண்ணோக்கி இருந்தது. துணைக்கு மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் வந்திருந்தார். வெளியே மண்ணும் ஆறும் உறைந்து கிடக்கும் குளிர். நகரில் மக்கள் காய்ச்சல் கண்டு, இருமி, இரத்தம் துப்பி, ஓரிரு நாளில் இறந்துகொண்டிருந்தார்கள். நோய் எப்படிப் பரவுகிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதைக் கண்டறிந்து நிறுத்தச் சீன அரசு அனுப்பிவைத்த அந்த மருத்துவர், நம் பினாங்கில் பிறந்து வளர்ந்தவர். அவர் பெயர் டாக்டர் வூ லியன் தே.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி முதல், கூட்டமான பொது இடங்களில் முகக்கவசம் அணிவது கட்டாயமானது. மீறினால் 1,000 வெள்ளி அபராதம். அப்போது நான் இடைநிலைப்பள்ளி மாணவி. எங்கள் வட்டாரச் சந்தையில் முகக்கவசம் இல்லாதவர்களைப் பார்ப்பது அரிது. ஆனால் அது பலருக்கும் தாடையில்தான் இருந்தது. அதிகாரி வந்தால் மேலே ஏறும், போனால் கீழே இறங்கும். அபராதத்துக்குப் பயந்து அணிவதற்கும், காரணம் புரிந்து அணிவதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு மனிதர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாடுபட்டார் என்பதைப் பல்கலைக்கழக நூலகத்தில் வூ லியன் தேயைப் பற்றிப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

சூலியா தெருவிலிருந்து கேம்பிரிட்ஜ் வரை

வூ லியன் தே 1879-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். தந்தை சீனாவிலிருந்து வந்து குடியேறிய பொற்கொல்லர். தாய் இந்த மண்ணிலேயே பிறந்த சீனப் பெண். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் ஆங்கிலவழிக் கல்வி கற்ற அவர், 1896-ஆம் ஆண்டு அரசியார் உபகாரச் சம்பளத்தை வென்றார். அந்நாளில் நீரிணைக் குடியேற்றங்களின் மாணவர்களுக்குக் கிடைத்த மிக உயர்ந்த வாய்ப்பு அது. அதைக் கொண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே மருத்துவம் பயின்ற முதல் சீனர் அவரே. லண்டனில் செயின்ட் மேரி மருத்துவமனை, லிவர்பூலின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி, பாரிசின் பாஸ்டர் கழகம் எனப் பல இடங்களில் பயிற்சியும் ஆராய்ச்சியும் செய்தார். கிருமிகளைப் பற்றிய அறிவியல் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது.

1903-ல் மலாயா திரும்பினார். கோலாலம்பூரில் உள்ள மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பெரிபெரி நோயைப் பற்றி ஓராண்டு காலம் ஆராய்ந்தார். பிறகு பினாங்கு சென்று, சூலியா தெருவில் மருந்தகம் திறந்தார். கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களான சூலியாக்களின் பெயரைத் தாங்கிய தெரு அது.

நிம்மதியாகச் சம்பாதித்து வாழ்ந்திருக்கலாம். ஆனால் அபின் பழக்கத்தால் சீரழியும் குடும்பங்களைக் கண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. அபின் எதிர்ப்புச் சங்கத்தில் தலைமைப் பொறுப்பேற்றுப் பேசினார், எழுதினார், மாநாடு கூட்டினார். அக்காலத்தில் அபின் வணிகம் சட்டப்படி நடந்தது. அரசாங்கத்துக்கே அதனால் பெரும் வருமானம். பணம் படைத்த பலரின் செல்வமும் அதில்தான் இருந்தது. ஒரு நாள் அவருடைய மருந்தகத்தில் சோதனை நடந்தது. மருந்துக்காக வைத்திருந்த சிறிதளவு அபின் கரைசல் அங்கே கிடைத்தது. அபினை எதிர்த்தவர் மீதே அபின் வைத்திருந்ததாக வழக்குப் போட்டு அபராதமும் விதித்தார்கள். அந்த நேரத்தில்தான் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. 1908-ல் தியான்ஜின் நகரில் இருந்த இராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

இங்கே ஒரு செய்தி என்னைக் கவர்ந்தது. சீனா போய்ச் சேர்ந்தபோது அவருக்கு மாண்டரின் மொழி சரியாகப் பேச வராது. ஆங்கிலப் பள்ளியில் படித்த பினாங்குப் பிள்ளை அவர். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என வளர்ந்த நமக்கு அந்தத் தடுமாற்றம் நன்றாகப் புரியும். அப்படிப்பட்டவர்தான், தாம் பிறக்காத நாட்டில், தமக்குச் சரளமாக வராத மொழி பேசும் மக்களிடம், அதுவரை அவர்கள் செய்திராத ஒன்றைச் செய்யச் சொல்ல வேண்டியிருந்தது.

எலியைத் தேடியவர்களும் மூச்சைப் பார்த்தவரும்

ஹார்பினில் பரவியது பிளேக். மர்மோட் என்று ஒரு விலங்கு உண்டு. அணில் இனத்தைச் சேர்ந்தது, வளை தோண்டி வாழ்வது. அதன் தோலுக்கு அப்போது நல்ல விலை கிடைத்தது. அனுபவமில்லாத ஏழைத் தொழிலாளர்கள் பலர் அதை வேட்டையாடக் கிளம்பினார்கள். நோயுற்ற மர்மோட்டுகளிடமிருந்து கிருமி அவர்களைத் தொற்றியது. குளிருக்குப் பயந்து கதவு சன்னல்களை அடைத்துவிட்டு, ஒரே அறையில் பல பேர் நெருக்கியடித்துப் படுக்கும் சத்திரங்களில் அது வேகமாகப் பரவியது. சீனப் புத்தாண்டுக்குச் சொந்த ஊர் திரும்பும் கூட்டம் ரயிலில் அதைத் தெற்கே கொண்டுபோனது.

பிளேக் என்றால் எலி, எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சி என்றுதான் அக்கால மருத்துவர்கள் கற்றிருந்தார்கள். அதனால் ஹார்பினிலும் எலிகளைப் பிடித்து அறுத்துச் சோதித்தார்கள். எலிகளிடம் நோய்க்கிருமி அகப்படவில்லை. வூ லியன் தே எலிகளை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்த்தார். வந்து மூன்றே நாளில், அந்நோயால் இறந்த ஜப்பானியப் பெண் ஒருவரின் உடலை அறுத்துச் சோதித்தார். இறந்தவர் உடலை அறுப்பது சீன வழக்கத்துக்கு முற்றிலும் விரோதமானது என்பதால், அது வெளியே தெரியாமல் செய்யப்பட்டது. நுரையீரலில் பிளேக் கிருமி நிறைந்திருப்பதை நுண்ணோக்கி காட்டியது.

அதிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இது நுரையீரலைத் தாக்கும் பிளேக். இதற்கு எலியும் வேண்டாம், தெள்ளுப்பூச்சியும் வேண்டாம். ஒருவர் இருமும்போது தெறிக்கும் துளிகளை இன்னொருவர் மூச்சில் இழுத்தால் போதும். அப்படியானால் மூக்கையும் வாயையும் மூடினால் நோயின் வழியையே அடைக்கலாம்.

இரண்டு மடிப்புத் துணி, நடுவில் பஞ்சு

முகக்கவசத்தைக் கண்டுபிடித்தவர் வூ லியன் தே என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது முழுமையான செய்தி அல்ல. அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் சிலர் அதற்கு முன்பே வாயைத் துணியால் மூடிக்கொண்டார்கள். நோயாளியின் காயத்தில் கிருமி விழக்கூடாது என்பதே அவர்கள் நோக்கம். வூ லியன் தே செய்த புதுமை வேறு. அறுவை அறைக்குள் இருந்த அந்தத் துணியை அவர் தெருவுக்குக் கொண்டுவந்தார். மருத்துவர், தாதி, பிணம் தூக்குபவர், காவலர், நோயாளி, வழிப்போக்கர் என எல்லாருக்கும் உரியதாக மாற்றினார்.

அவர் வடிவமைத்த கவசம் மிக எளிது. காயத்துக்குக் கட்டுப் போடும் மெல்லிய துணியை நீளவாக்கில் இரண்டாக மடிக்க வேண்டும். நடுவில் பஞ்சுப் பட்டை ஒன்றை வைக்க வேண்டும். துணியின் இரு முனைகளையும் கிழித்து வால்போல் ஆக்கி, தலைக்குப் பின்னால் இறுக்கிக் கட்ட வேண்டும். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் பொருள், சில காசு செலவு, ஊசி நூல்கூடத் தேவையில்லை. குளிரில் விரல் விறைத்த பணியாளரும் கட்டிக்கொள்ளலாம். ஏழையும் வாங்கலாம்.

அறிவியல் கருத்து எவ்வளவு சரியானதாக இருந்தாலும், ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தால் அதைப் பின்பற்றச் சொல்வது வெறும் உபதேசம்தான். வூ லியன் தே மக்களைப் பார்த்து அணியுங்கள் என்று சொல்வதற்கு முன், அவர்களால் அணியக்கூடிய ஒன்றைச் செய்து கையில் கொடுத்தார். பிறகு தாமும் அதை அணிந்தே நோயாளிகளிடம் சென்றார்.

நம்ப மறுத்த பேராசிரியர்

எல்லாரும் உடனே ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. முதலில் மறுத்தவர்கள் படிக்காத பாமரர்கள் அல்லர், படித்த மருத்துவர்கள். ஆசிய மருத்துவர் ஒருவர், அதுவும் முப்பது வயதைத் தாண்டிய ஓர் இளைஞர், பிளேக் நோயைப் பற்றி ஐரோப்பாவுக்குப் பாடம் சொல்வதா என்ற எண்ணம் அவர்களில் சிலருக்கு இருந்தது.

தியான்ஜினில் இருந்த பெய்யாங் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் ஜெரால்ட் மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் ஹார்பினுக்கு வந்தார். அனுபவம் மிக்கவர், பிளேக் நோயை முன்பே கண்டவர். காற்றின் வழி பரவுகிறது என்பதை அவர் ஏற்கவில்லை. இளையவரான வூ லியன் தேயின் கீழ் வேலை செய்யவும் அவருக்கு மனம் இல்லை. வாக்குவாதம் முற்றி, வூ லியன் தே பதவி விலகுவதாகவே அரசுக்குத் தந்தி அனுப்பினார். அரசு வூ லியன் தேயின் பக்கம் நின்றது.

மெனி தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஹார்பினில் ரஷ்யர்கள் நடத்திய பிளேக் மருத்துவமனைக்குச் சென்று, முகக்கவசம் இல்லாமலே நோயாளிகளைச் சோதித்தார். சில நாளில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. 1911-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதி இறந்தார்.

அந்தச் செய்தி நகரை உலுக்கியது. பெரிய மருத்துவரே இறந்துவிட்டார் என்றதும், அதுவரை அலட்சியமாக இருந்தவர்கள் கவசத்தைத் தேடி ஓடினார்கள். கொஞ்ச நாளில் தெருவில் ஏறக்குறைய எல்லார் முகத்திலும் ஏதாவது ஒரு துணி இருந்தது.

வூ லியன் தேயின் கதையை இங்கே வெற்றிக் கதையாக முடித்துவிடலாம். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. மெனி கெட்டவர் அல்லர். உயிரைப் பணயம் வைத்து நோயாளிகளுக்கு நடுவே சென்றவர். ஆனால் தமக்குத் தெரிந்ததே முடிவானது என்று நினைத்தார். வூ லியன் தே சொன்னது அவர் இறப்பதற்கு முன்பும் உண்மைதான். ஆனால் அந்த உண்மையை ஊர் ஏற்க ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. கோவிட் காலத்தில், தங்கள் வீட்டில் ஒருவர் படுக்கையில் விழும்வரை சிரித்துக்கொண்டிருந்தவர்களை நாமும் பார்த்தோம். ஒரு சாவு வந்து சொல்லும்வரை காத்திருக்காமல் மனிதர்களை நம்பவைக்க வழி உண்டா? வூ லியன் தேயின் வாழ்க்கையில் நான் தேடியது இதற்கான விடையைத்தான்.

நகரமே கட்டிய கவசம்

அச்சத்தால் மட்டும் அணிந்த கவசம் நெடுநாள் நிற்காது. ஹார்பினிலும் சிலர் அதைத் தாயத்தைப்போலக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள். நம் சந்தையில் தாடைக்கு இறங்கியதுபோல்தான். ஆகவே வூ லியன் தே கவசத்தை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடவில்லை.

நோய் கடுமையாக இருந்த ஃபூஜியாதியான் பகுதியை நான்கு பிரிவுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மருத்துவர் பொறுப்பு. மக்கள் வெவ்வேறு நிற அடையாளப் பட்டை அணிந்து, தங்கள் பிரிவுக்குள் மட்டும் நடமாட வேண்டும். பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைத் தேடினார்கள். நோயாளியுடன் பழகியவர்களைத் தனியே தங்கவைக்க இடமில்லாதபோது, ரயில்வேயிடமிருந்து சரக்குப் பெட்டிகளைக் கடனாக வாங்கி, அவற்றைத் தங்குமிடமாக மாற்றினார். பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தினார்கள். 2020-ல் நாம் கேட்டுப் பழகிய தனிமைப்படுத்துதல், தொடர்புத் தடமறிதல், நடமாட்டக் கட்டுப்பாடு எல்லாம் அங்கே இருந்தன.

இன்னும் ஒரு பெரிய சிக்கல் மிச்சமிருந்தது. நிலம் உறைந்து போனதால் பிணங்களைப் புதைக்கக் குழி தோண்ட முடியவில்லை. சவப்பெட்டிகளும் பிணங்களும் இடுகாட்டில் வரிசையாகக் கிடந்தன. எரிப்பதே வழி. ஆனால் முன்னோரை வணங்கும் சீன மரபில், உடலை எரிப்பது பெரும் பாவமாகக் கருதப்பட்டது. வூ லியன் தே அதிகாரத்தைக் காட்டி எரித்துவிடவில்லை. ஊர்த் தலைவர்களையும் அதிகாரிகளையும் அந்த இடுகாட்டுக்கே அழைத்துச் சென்று நிலைமையைக் காட்டினார். அவர்கள் ஒப்புக்கொண்ட பின் பேரரசருக்கு விண்ணப்பம் அனுப்பினார். அனுமதி கிடைத்தது. ஜனவரி 31-ஆம் தேதி, சீனப் புத்தாண்டுக்கு மறுநாள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களுக்கு ஒருசேரத் தீ மூட்டப்பட்டது.

அன்றிலிருந்து சாவு எண்ணிக்கை இறங்கியது. மார்ச் 1-ஆம் தேதி அப்பகுதியின் கடைசி நோயாளி பதிவானார். மஞ்சூரியா முழுவதும் ஏறக்குறைய 60,000 பேர் இறந்திருந்தார்கள். நோய் தொற்றியவர்கள் அநேகமாக ஒருவர்கூடப் பிழைக்காத பிளேக் அது. தடுக்காமல் விட்டிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. அந்த ஏப்ரல் மாதம், இன்று ஷென்யாங் எனப்படும் முக்டென் நகரில் 11 நாடுகளின் அறிஞர்கள் கூடிய அனைத்துலகப் பிளேக் மாநாடு நடந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் வூ லியன் தே.

ஈப்போவின் டாக்டர்

அதன் பிறகு அவர் ஏறக்குறைய கால் நூற்றாண்டு சீனாவில் உழைத்தார். பிளேக் தடுப்புச் சேவையை அமைத்தார். சீன மருத்துவச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராகி, அதன் தலைவராகவும் இருந்தார். 1920-ல் மஞ்சூரியாவில் மீண்டும் நுரையீரல் பிளேக் வந்தபோது, அதே வழிமுறைகள் கைகொடுத்தன. இறப்பு முன்னைவிட வெகுவாகக் குறைந்தது. பின்னர் ஷங்ஹாயில் துறைமுகத் தனிமைப்படுத்தும் சேவையை நடத்தினார். 1935-ல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது.

1937-ல் ஜப்பான் சீனாவின் மீது போர் தொடுத்தபோது, அவர் தாயகமான மலாயாவுக்குத் திரும்பினார். உலக மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், ஈப்போவில் சாதாரண மருந்தகம் ஒன்றைத் திறந்து, காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுத்தார். பேராக் நூலகம் உருவாக நிதி திரட்டினார். 1959-ல் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. 1960-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் தேதி, தாம் பிறந்த பினாங்கிலேயே 80-ஆவது வயதில் காலமானார். ஈப்போவில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

அவரிடம் நான் தேடிய விடை இதுதான். ஒரு பழக்கத்தை மக்களிடம் கொண்டு செல்ல விரும்புபவர், முதலில் அதை எளிதாக்க வேண்டும். ஏன் என்று புரியும்படி சொல்ல வேண்டும். கண்ணால் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன் தாமே அதைச் செய்ய வேண்டும். சட்டமும் அபராதமும் இவற்றுக்குத் துணையாக நிற்கலாம். இவற்றின் இடத்தைப் பிடிக்க முடியாது.

இன்று நம்மிடம் கட்டாயம் இல்லை. ஆனால் சளிக்காய்ச்சல் இருக்கிறது. காசநோய் இருக்கிறது. விடுதி அறையில் ஒருவர் இருமினால் வாரக் கடைசிக்குள் எல்லாரும் இருமுகிறோம். அந்த இருமலோடு பேருந்து ஏறி, ஊரில் இருக்கும் பாட்டியின் பக்கத்தில் போய் உட்காருகிறோம். உடல்நலம் இல்லாதபோது முகக்கவசம் அணிவதற்கு நம் வயதினர் கூச்சப்படுவதைப் பார்க்கிறேன். அணிந்து வரும் நண்பரைப் பார்த்து, இன்னுமா கோவிட் என்று கேலி பேசுவதும் காதில் விழுகிறது.

நண்பர்களே, அந்தக் கேலியை நிறுத்துவது நம்மால் முடிந்த காரியம். அடுத்த முறை தொண்டை கரகரக்கும்போது, விரிவுரைக்குப் போகுமுன் ஒரு கவசத்தை எடுத்து மூக்கையும் சேர்த்து மூடிக் கட்டுங்கள். பையில் இன்னொன்று வைத்திருங்கள். பக்கத்தில் இருமுபவரிடம் அதிகாரியைப்போல் உத்தரவிட வேண்டாம். அந்த இன்னொன்றை எடுத்து நீட்டுங்கள். பினாங்குக்காரர் ஒருவர் ஹார்பின் தெருக்களில் செய்ததும் அதுதான்.